மச்சான், மயில் ஏன் அழுகுது?

உங்களுக்குப் படம் வரையத் தெரியும் என்றால், தயவுசெய்து அதை மனைவியின் வீட்டாருக்குச் சொல்லாதீர்கள். சமைக்கத் தெரியும் என்று சொல்லலாம். ஒரு நாள் சமைத்துப் போட்டால் இரண்டாம் நாள் அவர்களே வேண்டாம் என்பார்கள். பாடத் தெரியும் என்றும் சொல்லலாம்; தொண்டை கட்டிவிட்டது என்று தப்பித்துக்கொள்ளலாம். வரைகிறவனுக்கு அப்படிச் சாக்கு எதுவும் கிடையாது. கைக்குத் தடிமனோ சளியோ பிடித்ததாக இதுவரை யாரும் சொன்னதில்லை.

நான் சொன்னேன். கல்யாணமான புதிதில், பெருமைக்காக. என் மனைவி சுகந்தியின் அண்ணா யோகன் மச்சான் அதைக் கேட்டு வைத்துக்கொண்டார். அடுத்த கிழமை தன் மகள் அபிராவின் பிறந்தநாளுக்கு, "சும்மா ஒரு முயல் கீறித் தாருமன்" என்றார். கீறினேன். அந்த முயலைப் பார்த்தவர்கள் ஒரு அன்னம் கேட்டார்கள். அன்னத்தைப் பார்த்தவர்கள் இரண்டு யானை கேட்டார்கள். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்களுக்குள், ஒஸ்லோவைச் சுற்றி நடந்த தமிழ்க் கல்யாணங்களில் பாதி, நான் செய்த மணவறையில்தான் நடந்தன. (அதில் பிரிந்துபோன சோடிகளுக்கு நான் பொறுப்பல்ல.)

பகலில் முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. பின்னேரம் எங்கள் அடுக்குமாடியின் நிலவறையில் வெள்ளை நுரைப்பலகை வெட்டுவது. ஊரில் அதை ரெஜிபோம் என்போம், இங்கே இசோபூர். கிழித்தால் பல் கூசும் சத்தம் வரும், தலைமயிரில் ஒட்டினால் மூன்று நாளைக்குப் போகாது. வெட்டி, பசை பூசி, வர்ணம் தீட்டி, சனிக்கிழமை விடிய மண்டபத்துக்குக் கொண்டுபோய்க் கட்டி, ஞாயிறு கழற்ற வேண்டும். கூலியாக ஒரு பெட்டி பலகாரமும், "உங்கட கை ராசியான கை" என்ற சொல்லும் கிடைக்கும்.

இதை வேலை என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொந்தக்காரருக்குச் செய்வது எப்படி வேலையாகும்? வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களிடம் இந்த ஒரு கணக்கு மட்டும் மாறவே இல்லை. சம்பளம் வந்தால் வேலை, பலகாரம் வந்தால் உதவி.

மூன்றாவது வருடம் எனக்கு நீல நிறம் பிடிக்காமல் போயிற்று. வர்ணத் தகரத்தைத் திறந்தாலே வயிற்றைப் பிரட்டியது. ஒரு கல்யாணத்துக்குச் செய்த அன்னத்துக்கு எங்கள் சமையலறை மேற்பார்வையாளரின் முகம் வந்துவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் கவனிக்கவில்லை. ஒருநாள் வேலையிடத்தில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தவன், என்னை அறியாமலே அதில் ஒரு அன்னத்தின் கழுத்தைச் செதுக்கிவிட்டு, கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். மேற்பார்வையாளர் (அன்னத்தின் முகத்துக்கு உரியவர்) கிழங்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வைத்தியரிடம் போகச் சொன்னார்.

வைத்தியர் நல்ல மனிதர். நித்திரை வருகிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். வேலையில் மேலதிக நேரம் செய்கிறாயா என்று கேட்டார். இல்லை என்றேன். இரண்டாவது வேலை ஏதும்? இல்லை. சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை. மணவறை என் நினைவுக்கே வரவில்லை.

"நீ எரிந்து முடிந்துவிட்டாய்," என்றார். நோர்வேஜியர்கள் அந்த வருடங்களில் களைத்துப்போன எல்லோரையும் அப்படித்தான் சொன்னார்கள். "பொழுதுபோக்கு ஏதாவது உண்டா?"

"படம் வரைவேன்."

அவர் முகம் மலர்ந்தது. "அருமை! இனி நிறைய வரை. அதுதான் உனக்கு மருந்து."

இப்படியாக எனக்கு ஒரு மாதச் சீக்மெல்டிங் கிடைத்தது. (வைத்தியர் எழுதித் தரும் சுகவீன விடுப்பு. இங்குள்ள நம்மவர்கள் அதைத் தமிழ்ச் சொல்லென்றே நம்பத் தொடங்கிவிட்டார்கள்.) கூடவே, எரிந்து முடிந்தவர்களுக்கான ஓவிய வகுப்பு ஒன்றுக்குப் போகச் சொல்லி ஒரு துண்டும் தந்தார்.

சுகந்திக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தால் யோகன் மச்சான் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். அபிராவுக்குச் சாமத்திய வீடு வைத்திருந்தார். பெண்பிள்ளை பெரியவளானால் ஊரைக் கூட்டிச் செய்கிற கொண்டாட்டம். லோறென்ஸ்கூக்கில் மண்டபம் எடுத்தாயிற்று, வீடியோக்காரனுக்குச் சொல்லியாயிற்று.

"மேடைக்குப் பின்னாலை எட்டு மயில் போதும் மச்சான். நடுவிலை பெரிசா ஒண்டு. உமக்கு இது ஒரு வேலையே? லீவும் எடுத்திருக்கிறீராம், நல்லதாப் போச்சு."

சுகந்தி குசினிக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். அவர் போனபிறகு, "ஏலாது எண்டு ஒருக்காச் சொல்லுங்கோவன். வாய்க்குள்ளை என்ன கொழுக்கட்டையே?" என்றாள்.

"நீர் சொல்லும். உம்மட அண்ணாதானே."

அவளும் சொல்லவில்லை. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியபோது எங்களை இரண்டு வருடம் தன் வீட்டு அறை ஒன்றில் வைத்திருந்தவர் அவர். ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டியிருந்தால் எனக்கு ஏலாது என்று சொல்வது சுலபமாக இருந்திருக்கும். மயில் இல்லாவிட்டால் அத்தனை சனத்துக்கு முன்னால் அவர் தலைகுனிய வேண்டும். மயில் வரைந்தால் நான் இருக்க மாட்டேன் போலிருந்தது. இரண்டில் ஒன்றுதான் நடக்கும் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

ஓவிய வகுப்பு புதன்கிழமை பகலில், எங்கள் பகுதி மண்டபத்தின் மேல்மாடியில். நடத்தியவர் மரித் என்ற பெண்மணி. கம்பளிச் சால்வை, மெல்லிய குரல். என்னோடு இருந்தவர்களில் இரண்டு பேர் முக்கியம். ஸ்தைனார், திறாம் ஓட்டுநர், தண்டவாளத்தைக் கண்டால் நெஞ்சு படபடக்கும் நிலைக்கு வந்திருந்தார். இங்கெர், பள்ளிக்கூட ஆசிரியை, பிள்ளைகளின் பெயர்களை மறக்கத் தொடங்கியிருந்தார். மற்றவர்களும் அந்த மாதிரித்தான்.

மரித்திடம் ஒரே ஒரு விதி இருந்தது. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் திருத்தக் கூடாது, குறை சொல்லக் கூடாது. முன்னால் நின்று, "நான் உன்னைக் காண்கிறேன்" என்று மட்டும் சொல்ல வேண்டும்.

"மனதுக்குள் இருப்பதை வரையுங்கள்," என்றார் மரித்.

என் மனதுக்குள் என்ன இருக்கும்? அவர் தன் கோப்பியை ஊதிக் குடித்து முடிக்கும் முன் தாளில் ஒரு முழு மயில் நின்றது. கை தானாகப் போய்விட்டது. வகுப்பே எழும்பி வந்து சுற்றி நின்றது. மரித் நெஞ்சில் கை வைத்து, "இந்தப் பறவைக்கு எத்தனை கண்கள்! எல்லாம் உன்னையே பார்க்கின்றன," என்றார். அது உண்மையென்பதால் நான் மறுக்கவில்லை.

ஸ்தைனார்தான் கேட்டார். "இந்த இறகை எப்படிச் செய்கிறாய்?"

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். திராமன் நகரில் மணவறை செய்கிற ஒருவர் இதே கேள்வியைப் பல தடவை என்னிடம் கேட்டிருக்கிறார். "எல்லாம் முருகன் செயல்" என்று சொல்லித் தட்டிக் கழித்திருக்கிறேன். ஆனால் ஸ்தைனார் எந்த மணவறை செய்து என் பிழைப்பைக் கெடுக்கப்போகிறார்? காட்டினேன். பாத்திரம் கழுவும் பஞ்சை இறகின் கண் வடிவத்தில் வெட்ட வேண்டும். கருநீலத்தில் தோய்த்து ஒற்ற வேண்டும். அது காய்வதற்குள் நடுவில் பச்சை. பிறகு தங்க நிறத்தைக் கட்டைவிரலில் எடுத்து விளிம்போடு ஒரே இழுவை. தூரிகை தேவையில்லை, விரல்தான் தூரிகை.

அரை மணி நேரத்தில் அந்த அறையில் எல்லோருக்கும் கட்டைவிரல் தங்கமாயிருந்தது. ஸ்தைனார் சிரித்தார். அவர் சிரித்து மாதக்கணக்காகிறது என்று இங்கெர் பிறகு சொன்னார். எனக்கும் அன்றைக்கு வயிற்றைப் பிரட்டவில்லை. சொல்லிக் கொடுப்பது இவ்வளவு இலேசானது என்று எனக்கு அதுவரை தெரியாது.

அன்று வீடு திரும்பும்போதுதான் அந்த அபாரமான யோசனை வந்தது. (என் வாழ்க்கையில் வந்த அபாரமான யோசனைகள் எல்லாம் வீடு திரும்பும்போதுதான் வந்திருக்கின்றன. வீட்டில் சுகந்தி இருப்பாள், அங்கே வராது.) நுரைப்பலகையில் எட்டு மயில் வெட்டி, அடுத்த புதன் வகுப்புக்குக் கொண்டுபோனேன். மரித்துக்குக் கண் கலங்கிவிட்டது. "நீ பகிர்ந்துகொள்கிறாய்," என்றார். ஆளுக்கொரு மயில் கொடுத்தேன். எரிந்து முடிந்தவர்களை வைத்து ஒருவன் பட்டறை நடத்துகிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை.

எங்கே தொங்கவிடப்போகிறாய் என்று ஸ்தைனார் கேட்டார். மருமகளுக்கு விழா, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, லோறென்ஸ்கூக்கில் என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நம்முடைய பழக்கம் விடவில்லை. "எல்லோரும் கட்டாயம் வர வேண்டும்," என்றேன். நாங்கள் அப்படிச் சொல்வது மரியாதைக்கு. நோர்வேஜியர்கள் அதைக் கேட்டால் உடனே நாட்காட்டியில் குறித்துக்கொள்வார்கள்.

பின்னேரம் எழும்பிச் சுற்றிப் பார்த்தேன். இறகுகள் நான் காட்டிய மாதிரியே இருந்தன. மற்றதெல்லாம் அவரவர் மனதுக்குள் இருந்து வந்திருந்தது. ஸ்தைனாரின் மயில் தோகைக்குள் இரவுத் திறாமின் யன்னல்கள் எரிந்தன, கால்கள் தண்டவாளத்தில் நின்றன. ஒரு மயில் முழுக்கக் கறுப்பு. இன்னொன்றுக்கு முகமே இல்லை, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. நடுவில் வைக்க வேண்டிய பெரிய மயில் இங்கெரிடம் போயிருந்தது. கழுத்தை நிலம் வரைக்கும் தொங்கவிட்டு, சாம்பல் நிறத்தில், கண்ணிலிருந்து துளித்துளியாய் வடிய அழுதுகொண்டிருந்தது.

எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். விதி விதிதானே.

"நான் உங்களைக் காண்கிறேன்," என்றேன்.

பரவாயில்லை, வெள்ளிக்கிழமை எடுத்துவந்து மேலே ஒரு பூச்சுப் பூசிவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வெள்ளிக்கிழமை மரித் தொலைபேசி எடுத்தார். "கவலைப்படாதே. பறவைகளை ஸ்தைனார் தன் தம்பியின் வான் வண்டியில் ஏற்றிவிட்டார். நாளைக்கு ஒன்பது மணிக்கு நாங்களே கட்டிவிடுகிறோம். நீ நித்திரை கொள்." நன்றி என்று சொல்லிவிட்டு வைத்தேன். எட்டு மணிக்கே வர்ணத் தகரத்தோடு மண்டபத்துக்குப் போய் நின்று, வண்டியிலிருந்து இறக்க இறக்கத் திருத்துவதென்று தீர்மானித்தேன்.

அன்றிரவுதான் எனக்கு, மாதக்கணக்கில் வராத நித்திரை வந்தது. கண் விழித்தபோது பத்தரை மணி. சுகந்தி விடிய எழும்பி அபிராவுக்குச் சேலை கட்டப் போய்விட்டிருந்தாள். என்னை எழுப்பாமல். "வாயைத் திறந்துகொண்டு குழந்தைப்பிள்ளை மாதிரிப் படுத்திருந்தியள், எழுப்ப மனம் வரேல்லை," என்று பிறகு சொன்னாள். அவளைக் கோபிக்க என்னால் இன்றுவரை முடியவில்லை.

வேட்டியைச் சுற்றிக்கொண்டு, நீலத் தகரமும் தூரிகையுமாக மண்டபத்துக்குள் ஓடினேன். ஒன்பது மணி விழாவுக்கு ஒன்பது மணிக்கு வந்தவர்கள் இந்த நோர்வேஜியர்கள் மட்டும்தான். அவர்களுக்கும் பதினைந்து வயதளவில் பிள்ளைகளுக்குத் தேவாலயத்தில் ஒரு சடங்கு உண்டு. இதையும் அப்படி நினைத்து, பூவேலைக் கம்பளி உடையும் வெள்ளிப் பொத்தானுமாக அவர்களுடைய நாட்டு உடையில் மேடையோரம் வரிசையாக நின்றார்கள். மேடையில் எட்டு மயில்களும் மட்டம் பார்த்து நேர்த்தியாகக் கட்டப்பட்டிருந்தன. அவ்வளவு நேராக நான் ஒருநாளும் கட்டியதில்லை. அபிரா இருக்கப்போகிற கதிரைக்கு நேர் மேலே, தலைக்கு மேல் துளி விழுவதுபோல, இங்கெரின் மயில்.

பதினொரு மணிக்கு நம்முடைய சனம் வரத் தொடங்கிற்று. வந்தவர்கள் மேடையைப் பார்த்தார்கள், பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"உது இப்ப லண்டனிலை வந்த புது டிசைன்," என்றார் ஒரு அம்மா.

"லண்டனிலை ஆரும் செத்தவையோ?" என்றார் அவருடைய கணவர்.

கணினி வேலைக்காகச் சென்னையிலிருந்து வந்திருந்த ஒரு தம்பி, "சார், இது மாடர்ன் ஆர்ட்டுங்களா? சூப்பரா இருக்கு, ஆனா ஃபங்ஷனுக்கா?" என்று என்னிடமே கேட்டார். வீடியோக்காரன் கமெராவைத் தோளில் வைத்தபடி, "அண்ணை, நடு மயிலைக் கிட்டப் பிடிக்கிறதோ, விடுறதோ?" என்றான்.

யோகன் மச்சான் வரவேற்புரைக்காகக் கையில் மைக் வைத்திருந்தார். பட்டு வேட்டி, சால்வை, நெற்றியில் வேர்வை. மைக்கை நீட்டியே நடு மயிலைக் காட்டினார். மைக் வேலை செய்துகொண்டிருந்தது என்பது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"மச்சான், மயில் ஏன் அழுகுது?"

மண்டபம் முழுக்கக் கேட்டது.

"ஏறும். ஏறி நீலத்தைப் பூசிவிடும். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரப்போகினம்."

ஏணி வைத்தார்கள். ஏறினேன். தகரத்தைத் திறந்தேன். தூரிகையைத் தோய்த்து மயிலின் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனேன். கீழே இங்கெர் நின்றார். தலையை நிமிர்த்தி, கைகளைக் கோர்த்துக்கொண்டு, நான் அந்த மயிலுக்கு இன்னும் ஏதோ நல்லது செய்யப்போகிறேன் என்ற நம்பிக்கையோடு. தூரிகையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன். நீலம் சொட்டி என் வேட்டியில் விழுந்தது.

"பூசுமன் மச்சான்! என்ன யோசனை?" மச்சான் மைக்கை என் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எனக்கு ஏலாது!"

நான் மெதுவாகத்தான் சொன்னேன். நான்கு ஒலிபெருக்கியிலும் அது முழங்கிற்று. கொட்டிவிட்டதை அள்ள முடியாது என்று தெரிந்ததும் மிச்சமும் வந்தது. "மூண்டு வரிசமா ஏலாது மச்சான். மயில் ஏலாது, யானை ஏலாது, அன்னம் ஏலாது. நீலத்தைக் கண்டா எனக்கு வயித்தைப் பிரட்டிச் சத்தி வருது. நான் சொல்லேல்லை. இப்ப சொல்லுறன். ஏலாது!"

சமையல் பக்கத்தில் யாரோ கரண்டியைப் போட்ட சத்தம் கேட்டது. சுகந்தி பக்கத்து அறை வாசலில் கையில் பூச்சரத்தோடு நின்றுவிட்டாள். அந்த அறைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. அதற்கு மைக் தேவைப்படவில்லை.

"எனக்கும் ஏலாது மாமா!"

அபிரா வெளியே வந்தாள். இரண்டு கையாலும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலையில் பாரமான பூவோடு, சடங்கின் எல்லா ஒழுங்குகளையும் மிதித்துக்கொண்டு நேரே மேடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அப்பா, எனக்கு விடியத்தொடக்கம் ஹூதெபின." (நோர்வேயில் பிறந்த பிள்ளைகளுக்குத் தலையிடி அந்த மொழியில்தான் வரும்.) "ஊசி எல்லாம் குத்துது. பசிக்குது. எல்லாரும் சிரி, சிரி எண்டு சொல்லுறீங்கள். அந்த மயிலை ஒருத்தரும் சிரிக்கச் சொல்லேல்லைத்தானே? அது அப்பிடியே இருக்கட்டும். நான் அதுக்குக் கீழைதான் இருப்பன்."

யோகன் மச்சான் மகளைப் பார்த்தார். பிறகு ஏணியில் நின்ற என்னைப் பார்த்தார். அவருக்குக் கோபம் வந்ததை நான் கண்டிருக்கிறேன். இது கோபம் இல்லை. மைக்கை நிறுத்தத் தேடினார், பொத்தான் அகப்படவில்லை, ஆகவே அதையும் எல்லோரும் கேட்டார்கள்.

"பிள்ளைக்கு முதல் சாப்பிடக் குடுங்கோ. மச்சான், இறங்கும். இறங்கி நீரும் சாப்பிடும்."

சடங்குக்கு முன்னால் பந்தி நடந்த ஒரே சாமத்திய வீடு எனக்குத் தெரிந்து அதுதான். ஐயருக்கு மனவருத்தம். அபிரா மூன்று வடை சாப்பிட்டுவிட்டு, அழுகிற மயிலின் கீழே போய் இருந்து, யாரும் சொல்லாமலே சிரித்தாள். புகைப்பட அல்பத்தில் எல்லாப் படத்திலும் அவள் சிரிக்கிறாள், மயில் அழுகிறது. ஒரு படத்தில் அவளுக்குப் பக்கத்தில் இங்கெர் நாட்டு உடையில் ஆராத்தித் தட்டோடு நிற்கிறார். தட்டை யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை.

வைத்தியரிடம் திரும்பப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று வருடமாக, ஒவ்வொரு சனி ஞாயிறுமா, பலகாரத்துக்கா என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். பிறகு, வரைவதை நிறுத்தத் தேவையில்லை, உறவினரைக் குறைக்கத்தான் தன்னிடம் மருந்தில்லை என்றார்.

பிறகு வந்த கிழமைகளில் அழுகிற மயில் வேண்டும் என்று இரண்டு குடும்பங்கள் கேட்டன. நான் ஏலாது என்றேன். (முதல் தடவை கஷ்டம், மைக் இல்லாமல் சொல்வது இன்னும் கஷ்டம்.) வேண்டுமானால் புதன்கிழமை பின்னேரம் எங்கள் நிலவறைக்கு வாருங்கள், காட்டித் தருகிறேன், உங்கள் மயிலை நீங்களே செய்யுங்கள் என்றேன். வந்தார்கள். திராமன்காரரும் ஒருநாள் வந்தார். பஞ்சையும் என் விரலையும் பார்த்துவிட்டு, தன் கட்டைவிரலைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவ்வளவுதானே?" என்றார். இவ்வளவுதான். எனக்கு நீலத்தின் மேல் இருந்த வெறுப்பு அந்தப் புதன்கிழமைகளில்தான் மெல்லப் போனது. இப்போது வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வரைகிறேன், எனக்குப் பிடித்தால் மட்டும்.

அந்த மயில் அபிராவின் வீட்டுச் சுவரில் இருக்கிறது. அவள் பெரிய வேலை, கல்யாணம், பிள்ளை என்று ஆகிவிட்டாள். எங்கள் குடும்பத்தில் களைத்துப்போனவர்கள் இப்போது களைப்பு என்று சொல்வதில்லை. "மயில் அழுகுது" என்பார்கள். சுகந்தி வேலையால் வந்து செருப்பைக் கழற்றும்போது அப்படிச் சொன்னால், அன்றைக்கு நான் சமைப்பேன்.

போன மாதம் யோகன் மச்சான் தொலைபேசி எடுத்தார். பேரனுக்கு முதலாவது பிறந்தநாள். எடுத்த உடனே சுகம் விசாரிக்கவில்லை.

"மச்சான், மயில் எப்பிடி?"

"அழுகுது மச்சான்."

அந்தப் பக்கத்தில் கதிரையை இழுத்து இருக்கும் சத்தம் கேட்டது.

"எனக்கும் அழுகுது," என்றார். "அப்ப விடுவம். பலூன் மட்டும் கட்டுவம். நீர் சும்மா சாப்பிட வாரும்."

போனேன். பலூன்களை யார் ஊதினது என்று மட்டும் கேட்காதீர்கள்.